தெய்வத்திரு போட்ட பத்திரிகை

ஜூன் 11, செவ்வாய்

காலை 6.10. கல்யாணத்துக்கு இன்னும் 86 நாள். செய்ய வேண்டிய வேலைகள் 64.

பதற்றமே இல்லாமல் நம் கல்யாணத்தை நாமே திட்டமிடுவது எப்படி என்று நேற்று ஒரு கட்டுரை படித்தேன். வேலைகளைச் சின்னதாகப் பிரியுங்கள், தினமும் கொஞ்சம் எழுதுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள் என்கிறது. முதல் இரண்டும் உருப்படியான யோசனை. மூச்சு அதுபாட்டுக்கு நடக்கிறது.

என் வேலை இதற்குப் பொருத்தமானது. துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெல்டிங் வைத்த இணைப்புகளை எக்ஸ்ரே பிலிமில் பார்த்து ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று சொல்பவன் நான். என்னிடம் இருப்பது இரண்டே முத்திரைகள். ஒன்று சரி, இன்னொன்று திருப்பி அனுப்பு. நடுவில் எதுவும் கிடையாது.

இந்த வேலைகளை எல்லாம் அப்பா செய்திருக்க வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். மார்ச்சில் நிச்சயதார்த்தத்தை அவர்தான் நடத்தினார். ஏப்ரலில் மஞ்சள் காமாலை வந்தது. பித்தக் குழாயில் அடைப்பு என்று ஒரு சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். அவருக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தது: கணையத்தில் கட்டி, 3.2 சென்டிமீட்டர். ஏப்ரல் 22 அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறு மாதம் என்றார். தை மாதத்துக்கு வைத்திருந்த கல்யாணத்தை ஆவணிக்கு, செப்டம்பர் 5-க்கு இழுத்தேன். தொழிற்சாலையில் செப்டம்பரில்தான் ஷட்டவுன், லீவு கிடைக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஷட்டவுன் நவம்பரில்.

அப்பா இருக்கும்போதே தாலி கட்டிவிட வேண்டும். கணக்கு சரியாக வருகிறது. ஒரு மாதம் கையிருப்பும் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மண்டபம் உறுதி. மேனேஜர் ஒரு பாரம் கொடுத்தார். "பொண்ணு வீட்டுப் பெரியவர், மாப்ள வீட்டுப் பெரியவர் கையெழுத்து" என்று இரண்டு கட்டங்கள்.

"அப்பா வரலயா தம்பி?"

"நான் போடறேன்."

"மாப்பிள்ளையே கையெழுத்து போட்டு மண்டபம் எடுக்கறத இப்பத்தான் பாக்குறேன்."

"பேனா எழுதலை. வேற குடுங்க" என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

வாணியிடம் பேசினேன். கல்யாணப் பெண்; முழுப்பெயர் கோகிலவாணி. முசிறியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். அவள் அப்பா வீரமலைக்குத் தொட்டியத்தில் வாழைத் தோட்டம்.

புடவை எடுக்கும் தேதியை முடித்துவிட்டு, டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த வலி மாத்திரையின் பெயரையும் தினம் இரண்டு வேளை என்பதையும் சொல்லி, அவள் கடையில் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அது கடையில விக்கிற மாத்திரை இல்லைங்க. ஆஸ்பத்திரியிலதான் கணக்கு வச்சுக் குடுப்பாங்க. யாருக்கு?"

"கூட வேலை பாக்கிறவரோட அப்பாவுக்கு."

"அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு."

"உங்கப்பா வயசு."

"ஆமா, இருக்கும்" என்றேன். சமாளித்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

அப்பாவைத் தையல் கடைக்கு அழைத்துப் போனேன். கல்யாணச் சட்டை. எடை 51 கிலோ; நிச்சயத்தன்று 63. கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. டெய்லர் அளவெடுத்து முடித்ததும் அப்பாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் போய், எல்லா அளவிலும் இரண்டு இஞ்ச் குறைத்துத் தைக்கச் சொன்னேன்.

"இப்பவே கொறச்சா இறுக்கிப் பிடிக்குமே சார்."

"செப்டம்பர்ல பிடிக்காது."

டெய்லர் நாடாவைக் கழுத்தில் போட்டபடி நின்றார். பிறகு நோட்டில் எழுதினார்.

ஆட்டோவில் அப்பா கேட்டார். "மறுபடி எதுக்குடா உள்ள போன?"

"பட்டன் கலர்."

ஜூலை 1, திங்கள்

வாணி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள்: கூட வேலை பார்க்கிறவரின் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? 'அப்படியே இருக்கிறார்' என்று போட்டேன். எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொள்கிறாள்.

ஜூலை 3, புதன்

மறுபடி ஸ்கேன். டாக்டர் பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் தினமும் செய்வதுதான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கல்லீரலில் இருந்த கறுப்புப் புள்ளிகளை எண்ணிவிட்டேன்.

"எண்ணாதீங்க தம்பி."

"ஏழு."

பெருமூச்சு விட்டார். "ரெண்டு மாசம்னு வச்சுக்கங்க. கூடக் குறைய இருக்கும்."

"கூடவா, குறையவா?"

"குறைய."

"இது எப்ப ஆரம்பிச்சிருக்கும்?"

"ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும். வெளிய காட்டுனது ஏப்ரல்ல."

கையிருப்பு ஒரு மாதம் போய்விட்டது. இன்று தொழிற்சாலையில் பதினொரு இணைப்புகளைத் திருப்பி அனுப்பினேன். வெல்டர் ஒருவர் வந்து, "இதுல என்ன கோளாறு, காட்டுங்க சார்" என்று கேட்டார். மறுபடி பார்த்தேன். ஐந்தில் ஒன்றுமே இல்லை.

ஜூலை 8, திங்கள்

நேற்று ஜோசியரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் முப்பது நாளுக்குள் கல்யாணத்தை முடிக்கலாம். அது தாண்டினால் வருஷம் திரும்ப வேண்டும். நல்ல விதி. அப்பா ஆகஸ்ட் 6-க்கு மேல் போனாலும் செப்டம்பர் 5 நிற்கும். ஆனால் பத்திரிகை தப்பாகிவிடும். பெற்றோரில் இறந்தவர் பெயருக்கு முன்னால் 'திரு' போட மாட்டார்கள். 'தெய்வத்திரு' போடுவார்கள்.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் ஜெபமேரி. இரண்டு கோப்பு கேட்டேன். ஒன்றில் திரு பிச்சைமுத்து. இன்னொன்றில் தெய்வத்திரு பிச்சைமுத்து. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

"அப்பா இருக்காங்கல்ல சார்?"

"இருக்கார்."

"அப்ப ரெண்டாவது எதுக்கு?"

"தயாரா இருக்கட்டும். ஒரே ஒரு சொல். ரெண்டு நிமிஷ வேலை."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "இப்படி யாரும் அடிக்கச் சொன்னதில்ல சார். நீங்களே டைப் பண்ணிக்கிறீங்களா?"

நானே அடித்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

அச்சகத்திலிருந்து சரிபார்க்கச் சொல்லி ப்ரூப் வந்தது. பிலிம் கழுவும் இருட்டறையில் இருந்தேன். பார்த்து ஓகே அனுப்பினேன். ஆடி பிறப்பதற்குள் பத்திரிகை வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா நச்சரிக்கிறாள். ஒரு வேலை முடிந்தது. மீதி 41.

ஜூலை 15, திங்கள்

பத்திரிகை வந்தது. தப்பான கோப்பு. அறுநூறு.

மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டு பிரிந்து கிடந்தது. முதல் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குலதெய்வத்துக்கு வைப்பது வழக்கம். மஞ்சள் தடவிய பத்திரிகை சாமி படத்தின் முன்னால் இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் இருந்தது. அம்மா சமையல் கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சுப் பாரு" என்று நீட்டினார்.

படித்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ப்ரூப் வந்திருக்கிறது. இரண்டாவதுக்குக் கீழே என் ஓகே.

"வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சுன்னு டிரிப் ஷீட்ல எழுதுனா, டைம் கீப்பரை சஸ்பெண்ட் பண்ணுவாங்க, தெரியுமா?" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. முகம் அவ்வளவு ஒட்டிப் போயிருக்கிறது.

"தப்பு என்னுதுதான்."

"தப்பா, அவசரமா?"

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பிறகு மறுபடி கேட்டது.

"எப்பவாம்?" என்றார். பஸ் எப்போது என்று கேட்கிற குரல்.

சொன்னேன். ஏப்ரலில் ஆறு மாதம் சொன்னதையும், இந்த மாதம் இரண்டு சொன்னதையும், கட்டியின் அளவையும். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மூன்று மாதமாக எப்படிச் சொல்வது என்று யோசித்த விஷயம்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாதக் கணக்கைச் சொன்னால் கடிகாரத்தை ஏன் பார்க்கிறார் என்று புரியவில்லை.

"அஞ்சாந்தேதிக்கு இருப்பனா?"

"பார்டர்ல இருக்கு."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கண்ணாடி இல்லாம மஞ்சள் தடவியிருப்பா. படிச்சிருக்க மாட்டா."

"அந்தப் புள்ளைக்கு?"

"தெரியாது."

பத்திரிகையை மடித்து உறைக்குள் போட முயன்றார். அது உள்ளே போகவில்லை. நான் வாங்கிப் போட்டேன்.

"அவங்க கிட்ட சொல்லாம பொண்ணு எடுக்கப் பாத்திருக்க" என்றார். "போய்ச் சொல்லு."

ஜூலை 16, செவ்வாய்

அறுநூறையும் பழைய பேப்பர் கடையில் போட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, "அடடா. அப்பா எப்ப தவறுனாரு தம்பி?" என்றார்.

"இன்னும் இல்லை."

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஜூலை 18, வியாழன்

அம்மா அப்பாவுக்குத் தினமும் காலையில் காமாலைக்கென்று கீழாநெல்லிச் சாறு கொடுப்பாள். மூன்று நாளாகக் கொடுக்கவில்லை. கேட்டால், தீர்ந்துவிட்டது என்கிறாள். கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அவள் அசதியைக் கவனிக்க வேண்டும்; ஆள் வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

முசிறி போனேன். கடை மதியம் மூடியிருக்கும். வாணி படித்துறைக்கு வரச் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. படியில் நான்கு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேராகச் சொன்னேன். அப்பாவுக்குப் புற்றுநோய். கூட வேலை பார்க்கிறவரின் அப்பா என்று யாரும் இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"நீங்க மாத்திரை பேரு சொன்ன அன்னிக்கே. அந்த மாத்திரையைத் தினம் ரெண்டு தடவ எழுதுறாங்கன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? படிச்ச படிப்பே அதுதான. நீங்களா சொல்லுவீங்கன்னு முப்பத்திமூணு நாளு பாத்தேன்."

"அப்பா இருக்கும்போதே முடிச்சுடணும்னுதான் தேதியை மாத்துனேன். அதுல என்ன தப்பு?"

"அதுல தப்பே இல்ல." அவள் ஆற்றைப் பார்த்துப் பேசினாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். செப்டம்பர் அஞ்சு கல்யாணம். பத்தாந்தேதி உங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆகுதுன்னு வைங்க. வீட்டுல கூடுற பொம்பளைங்க யாரைப் பாப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"என்னைப் பாப்பாங்க. மருமக கால் வச்ச நேரம்னு சொல்வாங்க. சாகுற வரைக்கும் சொல்வாங்க. முன்னமே முடியாம இருந்தாருன்னு யாருக்கும் தெரியாதே, நீங்கதான் ஒளிச்சு வச்சிருக்கீங்களே." இப்போது திரும்பிப் பார்த்தாள். "அறுபத்திநாலு வேலை எழுதி வச்சிருக்கேன்னு சொன்னீங்கல்ல. அதுல நான் எத்தனாவது நம்பருங்க?"

அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். புடவை 12. வாணியின் தோழிகளுக்கு வேன் 38. மனதில் தேடிக்கொண்டே இருந்தேன். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கல்யாணம் வேணாம்னு சொல்லல. ஊரறியச் சொல்லிட்டுச் செய்யுங்க. எங்கப்பா கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக இருந்தது. எல்லா இடத்திலும் விரிசல் தேடுகிறவன் நான். இவ்வளவு பெரியதைப் பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

வாணி சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"உங்கம்மா எந்த விசேஷத்துலயாவது ஆரத்தித் தட்டு எடுத்துப் பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. என் நிச்சயத்தில்கூடச் சித்திதான் எடுத்தாள். அம்மாவுக்குக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

"எங்க கல்யாணம் முடிஞ்சு பதினோராம் நாளு எங்கண்ணன் மோட்டார் ரூம்ல கரண்ட் அடிச்சுச் செத்துட்டாரு. ஒயர் பிஞ்சு கெடந்தது ஆறு மாசமா எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இவ வந்த நேரம்னுட்டாங்க. அங்கம்மா வாய்தான் மொதல்ல தொறந்துச்சு." அங்கம்மாள் அத்தை அப்பாவின் தங்கை. "அன்னிலேருந்து உங்கம்மாவை எதுலயும் முன்னாடி நிக்க விடல. நானும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அம்மா அழுதுக்கிட்டிருந்துச்சு. தங்கச்சி அழுதுக்கிட்டிருந்துச்சு. அப்புறமா பேசிக்கலாம்னு விட்டேன்." மூச்சு வாங்கினார். "அப்புறம்னு ஒரு நாளு வரல."

கொஞ்சம் தண்ணீர் கேட்டார். இரண்டு வாய்தான் இறங்கியது.

"தள்ளி வச்சிருடா. நான் பாத்தே ஆகணும்னு இல்ல. அந்தப் புள்ள தலையில இதை ஏத்தாத."

நான் தேதியை மாற்றவில்லை. எல்லோருக்கும் சொல்லிவிட்டு நடத்தினால் போதும் என்று வாணியே சொல்லியிருக்கிறாள். தகவல் தெரிந்தால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

சொந்தக்காரர்களுக்குப் போன். மொத்தம் 37. எல்லோரிடமும் ஒரே வாசகம்: அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், ஒரு வருஷத்துக்கு முன்பே தொடங்கியது, கல்யாணம் செப்டம்பர் 5. அங்கம்மாள் அத்தை நடுவிலேயே அழுதுகொண்டு போனை வைத்துவிட்டாள். வாசகத்தின் இரண்டாம் பகுதி அவள் காதில் விழுந்ததா தெரியாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 37 போனையும் அவள் பக்கத்து அறையில் இருக்கும்போதுதான் பேசினேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

வாணியும் வீரமலை மாமாவும் வந்தார்கள். மாமா சும்மா வரவில்லை, ஒரு முழு வாழைத்தார். "ஐயா சாப்புடுறாரோ இல்லையோ, வந்து போறவங்களுக்கு ஆகும் மாப்ள" என்றார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சரியான கணக்கு.

வாணி கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா எங்களை வெளியே போகச் சொன்னார். பத்து நிமிஷம். உள்ளே ஒரு தடவை அப்பா சிரித்தார். ஜூனுக்குப் பிறகு இப்போதுதான்.

கிளம்பும்போது வாசலில் கேட்டேன்.

"என்ன பேசுனீங்க?"

"செப்டம்பர் அஞ்சு வரைக்கும் இருங்க மாமான்னேன். நான் டைமை எழுதத்தாம்மா முடியும், வண்டியை நிறுத்த முடியாதுன்னாரு." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அப்புறம், எம் மகன் அவசரக்காரன், ஆனா பொய் சொல்லத் தெரியாதுன்னாரு. நான், நல்லாவே தெரியும் மாமான்னேன். அதுக்குத்தான் சிரிச்சாரு."

போகும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேளக்காரர் ஒருவரோடு போனில் இருபது நிமிஷம் தேவையில்லாத சண்டை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சட்டை வந்தது. போட்டுப் பார்த்தார். இரண்டு இஞ்ச் போதவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாப்பாடு இல்லை. ஸ்பூனில் தண்ணீர். டாக்டரிடம் போனில் பேசினேன். வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அப்பா. காலை 9.40.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை 7.25. அம்மா தூங்குகிறாள். அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். விட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

மதியம் இரண்டு மணி இருக்கும். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. சுற்றிப் பெண்கள். வாணியும் மாமாவும் மாலையோடு வாசலுக்கு வந்தார்கள். நான் வெளியே தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றி அவள் படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து அங்கம்மாள் அத்தையின் குரல்.

"வந்துட்டாளா? மார்ச்சுல நிச்சயம் பண்ணோம், ஏப்ரல்ல எங்கண்ணன் படுத்துச்சு. தாலி கட்டறதுக்கு முன்னாடியே வாரிக் குடுத்துட்டமே, அவ வீட்டுக்குள்ள வந்தா இன்னும் யாரு யாரோ."

வாணி படியிலேயே நின்றுவிட்டாள். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே.

நான் உள்ளே போனேன். எனக்குத் தெரிந்ததைத்தானே செய்ய முடியும். "அத்தை, கட்டி மூணு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர். அது வளர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னு டாக்டர் சொன்னார். நிச்சயம் மார்ச்சுல. கணக்குப் போட்டுப் பாருங்க. போன்லயும் சொன்னேன்."

"சென்டிமீட்டரா எங்கண்ணனைக் கொன்னுச்சு?" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், பேசியதே தப்பு என்று தெரிந்தது. தகவல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள். காலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டில் ஒரு சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள். எழும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். யாரும் தூக்கவில்லை. நானும்தான்.

"அங்கம்மா" என்றாள். பெயர் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இதே கூடத்துல இதே வார்த்தையத்தான் என்னைப் பாத்துச் சொன்ன. உங்க பெரியண்ணன் கெடந்தாரு, நான் கல்யாணப் புடவையோட நின்னேன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. நான் ஒரு வார்த்தை பேசல. ஏன்னா உன்னைச் சொன்னா இவரு மனசு கஷ்டப்படும்."

அப்பாவைப் பார்த்தாள்.

"இப்ப இவரு இல்ல."

கூடத்தில் அழுகை நின்றிருந்தது. வெளியே ஷாமியானா கட்டுகிறவன் ஆணி அடிக்கிற சத்தம் மட்டும்.

"இவருக்கு என்ன நோயுன்னு பத்திரிகை வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் மஞ்சள் தடவுனேன். எம் மகனுக்கு அது தெரியாது. அவன் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருப்பான்." என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் புள்ளையை இனிமே யாராச்சும் ஒரு சொல்லு சொன்னா, அவங்க இவரு கருமாதிக்கு இந்த வீட்டுப் படி ஏற வேணாம். நீயும்தான்."

பிறகு வாசலுக்கு நடந்து போனாள். கணவனைக் கூடத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகிற பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். வாணியின் கையிலிருந்த மாலையை வாங்காமல், கையையே பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். "வா. மாமாவுக்குப் போடு."

வாணி போட்டாள். அதன் பிறகுதான் அம்மா அழுதாள். அவ்வளவு சத்தமாக ஒரு மனுஷி அழுவதை நான் கேட்டதில்லை. வாணி அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் கேன்களை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினாலு.

மாலை ஐந்துக்கு மின் மயானம். ஐந்தே காலுக்குச் சீட்டு கொடுத்தார்கள். பெயர், வயது, நேரம். நேரத்தை ஒன்பது நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தார் அங்கிருந்தவர். அடித்துத் திருத்தச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம்தான தம்பி" என்றார். திருத்தும் வரை நகரவில்லை.

நேற்று பால் தெளித்துவிட்டு வந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். முப்பது நாளுக்குள் என்றால் செப்டம்பர் 5 சரியாக இருக்கிறது, நடத்திவிடலாம் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் திட்டப்படி இது சரியான பதில். இதற்காகத்தான் ஜோசியரிடம் போனேன்.

வீரமலை மாமா எழுந்து வெளியே போய் நின்றார். பின்னாலேயே போனேன். "உங்க முடிவு என்ன மாமா?" என்றேன்.

"என்னைக் கேக்காதீங்க மாப்ள. ஆடிப்பெருக்கு அன்னிக்கு உங்க அப்பாவும் என்னைக் கேக்கல, அதைக் கேட்டாரு" என்று வாணி இருக்கிற பக்கம் கையைக் காட்டினார்.

அவளிடம் இன்னும் பேசவில்லை. நேற்று அவள் கிளம்பும்போது கேட்க வாய் வரை வந்தது. அவள் கண் வீங்கியிருந்தது. கேட்கவில்லை.

பழைய பட்டியலில் மீதி 22. அதை மூடிவிட்டேன். இனிச் செய்ய வேண்டியவை:

1. இறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சி அலுவலகம். அப்பாவின் ஆதார் நகல், மயானச் சீட்டு. இன்று விடுமுறை, நாளை போக வேண்டும்.

2. தொழிற்சாலைக்குப் பதினாறு நாள் லீவு எழுதி அனுப்ப வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது அவரோடு வீட்டில் இருக்க ஒரு நாள்கூட எடுக்கவில்லை.

3. அம்மா எழுந்ததும் நான் முதலில் சாப்பிட வேண்டும். நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள்.

4. அம்மாவிடம் ஒளித்ததற்கு மன்னிப்பு. காரணம் சொல்லாமல்.

5. கருமாதிக்கு அங்கம்மாள் அத்தையை நேரில் போய் அழைக்க வேண்டும். நேற்று அம்மாதான் சொன்னாள்.

6. மண்டபத்து மேனேஜர் போன் செய்தால், தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

7. வாணியிடம் கேட்க வேண்டும். செப்டம்பர் 5-ஆ, வருஷம் திரும்பியா, இல்லை வேண்டவே வேண்டாமா. மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு எது சரி என்று சொல்லக்கூடாது.

8. யோசித்துச் சொல்கிறேன் என்றால், எத்தனை நாள் என்று கேட்கக்கூடாது.